பின்னால் வெளிச்சம் வரும் பழைய ஜெர்மன் சுவர்க் கண்ணாடி: ரசம் மாற்றலாமா, வயரை மட்டும் மாற்றினால் போதுமா?

கருப்பட்டிக் காபி

வணக்கம். ஜெர்மனியில் டார்ட்மண்டுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகிறார் என்று வீட்டைக் காலி செய்தார்கள். சும்மா எட்டிப் பார்க்கப் போனவன் ஒரு சுவர்க் கண்ணாடியோடு திரும்பி வந்தேன். பேரன் 50 யூரோ சொன்னான். கீழ் விளிம்பில் இருந்த கறுப்பைக் காட்டி 40-க்கு முடித்தேன்.

நீள்வட்டம். உயரம் 70 செ.மீ. இருக்கும். ஓரத்தில் மெல்லிய பித்தளைப் பட்டை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்பேறிய ஒரு பிளாஸ்டிக் வளையம். உள்ளே நான்கு ஹோல்டர். விளக்கைப் போட்டால் கண்ணாடி சுவரைவிட்டு விலகி மிதக்கிற மாதிரி இருக்குமாம். பாட்டி கையை விரித்துச் செய்து காட்டினார். நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. வயரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பின்பக்கம் பாதி கிழிந்த லேபிள் ஒன்று இருக்கிறது. ‘நேஹைம்-ஹியூஸ்டன்’ என்ற ஊர்ப் பெயரும், அதற்கு முன்னால் 57 என்று ஆரம்பிக்கும் எண்ணும் தெரிகின்றன. கம்பெனி பெயர் இருந்த பக்கம் போய்விட்டது. ஹியூஸ்டன் என்றால் அமெரிக்கச் சரக்கா? எந்தக் காலத்தது? புதிதாக ரசம் பூச வேண்டுமா? அடுத்த வருடம் மதுரைக்கே திரும்பினால் அங்கே மாட்ட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பித்தளைப்பித்தன்

தம்பி, அது அமெரிக்க ஹூஸ்டன் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சாவர்லாந்து மலைப்பக்கம் நேஹைம், ஹியூஸ்டன் என்று இரண்டு ஊர்கள். 1941-இல் இரண்டையும் சேர்த்து ஒரு நகரமாக்கினார்கள். 1975 ஜனவரி 1-இல் அந்த நகரம் அப்படியே ஆர்ன்ஸ்பெர்க் நகருக்குள் போய்விட்டது. லேபிளில் நேஹைம்-ஹியூஸ்டன் என்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 57 தபால் எண். மேற்கு ஜெர்மனியில் நான்கு இலக்க எண் 1961 கடைசியில்தான் வந்தது. ஆரம்பத்தில் கடைசிச் சைபரை விட்டுவிட்டு மூன்று இலக்கமாகவும் எழுதுவார்கள். இன்றைய ஐந்து இலக்கம் 1993 ஜூலையில் வந்தது. ஆக உங்கள் கண்ணாடி 1961-க்கும் 1974-க்கும் நடுவில். ஒரு துண்டுக் காகிதத்துக்கு இவ்வளவு போதாதா?

நேஹைம் விளக்குக்குப் பேர்போன ஊர். சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹில்லெப்ராண்ட் என்ற விளக்குக் கம்பெனி அங்கேதான் இருந்தது. இந்த மாதிரிக் கண்ணாடியை இணையத்தில் விற்பவர்கள் எல்லாம் அந்தப் பெயரைத்தான் போடுகிறார்கள். லேபிளோ முத்திரையோ இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஹோல்டரில் பிஜேபி (BJB) என்று மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். கட்சி இல்லை! 1867-இல் நேஹைமில் தொடங்கிய, ஹோல்டர் செய்யும் கம்பெனி. அந்த ஹோல்டரை எந்தக் கம்பெனியும் வாங்கிப் போட்டிருக்கலாம், அதனால் கண்ணாடி யாருடையது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இதைக் காட்டியே ‘ஒரிஜினல்’ என்று சாதித்த ஒரு வியாபாரியிடம் நான் ஏமாந்திருக்கிறேன்.

ஓமின்_விதி

கோயம்புத்தூரில் 22 வருடமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். கண்ணாடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதன் முதுகைப் பற்றிச் சொல்லலாம். உள்ளே என்ன கலர் வயர்கள் இருக்கின்றன? ரப்பரா, பிவிசியா? மடித்தால் வெடிக்கிறதா?

கருப்பட்டிக் காபி

பிஜேபி இருக்கிறது, அண்ணா! நான்கிலும்!

வெளியே வருவது உருண்டையான கறுப்பு கேபிள். உரித்த முனையில் மூன்று வயர்: கறுப்பு, சாம்பல், சிவப்பு. உள்ளே ஹோல்டருக்கு ஹோல்டர் போகிற வயரை லேசாக மடித்தேன். மேல்தோல் பொறுக்கு மாதிரி உதிர்ந்தது.

ஓமின்_விதி

உதிர்ந்தால் உள் வயர் அத்தனையும் மாற்ற வேண்டியதுதான், அதில் பேச்சே இல்லை. வெளி கேபிள் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். சாம்பல் எர்த்தாக இருக்கும், பெட்டியில் திருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளைப்பித்தன்

நில்லுங்கோ, நில்லுங்கோ. தம்பி, எதிலும் கை வைக்க வேண்டாம்.

ஓமின்_விதி, நீங்கள் சொன்னது நம் ஊர் வழக்கம். ஜெர்மனியில் 1965 வரை சிவப்புதான் எர்த். கறுப்பு பேஸ், சாம்பல் நியூட்ரல். அதன் பிறகுதான் பச்சை-மஞ்சள் வந்தது. இந்தக் கண்ணாடியை மதுரைக்குக் கொண்டுபோய், அங்கே ஒருவர் சிவப்பைப் பார்த்ததும் பேஸில் மாட்டினால் என்ன ஆகும்? சிவப்பு வயர் தகரப் பெட்டியில் திருகியிருக்கிறது. பெட்டி பித்தளைப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. முகம் கழுவிவிட்டு ஈரக் கையோடு கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்தால் 230 வோல்ட்.

ஓமின்_விதி

அடேயப்பா. இது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். 22 வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு ஆளைக் கொன்றிருப்பேன். தம்பி, பெட்டியைத் திறந்து சிவப்பு எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கருப்பட்டிக் காபி

பார்த்துவிட்டேன். சிவப்பு நேராகப் பெட்டியின் அடியில் உள்ள திருகுக்குத்தான் போகிறது. கை நடுங்கிவிட்டது.

ஓமின்_விதி

சரி, இனிமேல் கலரைப் பார்த்து யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன். வயர் எங்கே போய் முடிகிறதோ அதுதான் கணக்கு.

வெளி கேபிளையும் கழற்றிவிடுங்கள். உள்ளே சிலிக்கான் தோல் போட்ட, சூடு தாங்கும் வயர் போடுங்கள். ஹோல்டர் பீங்கானா பேக்கலைட்டா என்று பார்த்து, விரிசல் இல்லையென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஹோல்டரின் நடு நாக்கு (பல்பின் அடி தொடும் தகடு) கறுத்திருந்தால் சுரண்டிவிட்டு, பல்பு இல்லாதபோது லேசாகத் தூக்கிவிடுங்கள். பேஸ் அந்த நாக்குக்கு, நியூட்ரல் பல்பைத் திருகும் மரைக்கு. எர்த்துக்கு வட்ட லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு, அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பெயின்ட் மேல் மாட்டிய எர்த்தால் பிரயோஜனம் இல்லை. முடித்ததும் 500 வோல்ட் மெகர் (வயரில் கரண்டு கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மாட்டாதீர்கள்.

பழைய கேபிளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு சாண் வெட்டிப் பெட்டிக்குள் கட்டி வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு வயது தெரியும்.

பித்தளைப்பித்தன்

அதைச் சொல்லுங்கள். சிவப்பு எர்த் என்றால் 1965-ஐ ஒட்டியது. லேபிள் 1961 கடைசிக்குப் பிந்தியது. கடையில் மிஞ்சிக் கிடந்த பழைய வயரைப் போட்டிருந்தாலும் ஓரிரு வருடம்தான் தள்ளும். 13 வருட இடைவெளி நான்கைந்து வருடமாகச் சுருங்கிவிட்டது.

சட்டுப்புட்டு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 40 யூரோ கொடுத்து வாங்கி, வயர், லக், மெகர் என்று இன்னும் 60 செலவழித்து, கடைசியில் கீழே கறுத்துப்போன ஒரு கண்ணாடி. அதே காசுக்குப் பர்னிச்சர் கடையில் புதிது கிடைக்கிறது. சுற்றி எல்இடி, தொட்டால் எரியும், ஆவி படியாது. இல்லை, பழசுதான் வேண்டும் என்றால் உள்ளே இருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு எல்இடி பட்டியை ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை.

சீமைக்கண்ணாடி

முகம் பார்க்க மட்டும் என்றால் நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் பட்டி ஒட்டுகிற யோசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நானே ஒரு தடவை செய்து கெடுத்திருக்கிறேன். பட்டியின் வெளிச்சம் சுற்றிலும் ஒரே அளவாக வரும், செல்போன் கடை போர்டு மாதிரி. இந்தக் கண்ணாடிகளில் நான்கு பல்பும் நான்கு இடத்தில் இருக்கும். வளையத்தில் அந்தந்த இடம் கொஞ்சம் பிரகாசமாகவும் நடுவில் மங்கலாகவும் தெரியும். சுவரில் நான்கு விசிறி விரித்த மாதிரி விழும். செய்தவர் கணக்குப் போட்டு வைத்த இடம் அது. பட்டி போட்டதும் விசிறிகள் காணாமல் போயின. ஒரு மாதத்தில் பிய்த்து எடுத்துவிட்டேன், பசை இன்னும் போகவில்லை.

எல்இடி போடக் கூடாது என்று சொல்லவில்லை. அதே ஹோல்டரில் எல்இடி பல்பு போடுங்கள். பழைய 40 வாட்டுக்கு 470 லூமன் வெளிச்சம், 4 வாட் பக்கம் வரும். 2700 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்), பால் நிறக் குண்டு. தெளிவான குண்டு வாங்கினால் உள்ளிருக்கும் இழைகள் கோடு கோடாகத் தெரியும். நான்கு குண்டு பல்பு 160 வாட் சூட்டை அந்தச் சின்னப் பெட்டிக்குள் தள்ளியதால்தான் வயர் தோல் பொரிந்திருக்கிறது. இனி அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ரசம். நாம் ரசம் என்று சொல்வதே பழைய காலத்துப் பேச்சு. வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்துப் பூசியபோது வந்த சொல். லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1835-இல் கண்ணாடியில் வெள்ளி படிவதைக் கவனித்து, 1850-களில் அதை ஒரு முறையாகவே ஆக்கினார். பிறகு மெல்ல மெல்லப் பாதரசம் விடைபெற்றது. உங்களுடையதில் இருப்பது வெள்ளி. அதன் முதுகில் பொதுவாகச் செம்பு, அதற்கு மேல் பெயின்ட். கீழ் விளிம்பு மட்டும் கறுப்பது ஏன்? கண்ணாடியில் நேராகத் தண்ணீரையோ அமோனியா மருந்தையோ பீய்ச்சித் துடைப்போம். வழிந்து வருவது கீழே பட்டைக்குள் தேங்கி நிற்கும். அங்கிருந்து பெயின்ட்டுக்கு அடியில் புகுந்து வெள்ளியைத் தின்னும். துணியில் நனைத்துத் துடைத்தாலே பாதி கண்ணாடிகள் தப்பிக்கும்.

புதிதாகப் பூச வேண்டாம் என்பது என் கட்சி. ஏற்கெனவே இருப்பதை அமிலம் போட்டுக் கரைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பிறகு அது 1960-களின் கண்ணாடி இல்லை, 1960-களின் சட்டத்தில் நேற்றுப் பூசிய கண்ணாடி. முகம் தெரியாத அளவுக்குப் போயிருந்தால் வேறு கதை. ஒரு விரல் அகலக் கறுப்புக்கு அவசியமில்லை.

சட்டுப்புட்டு

நான்கு விசிறி விஷயம் புரிந்தது. ஆவி படியாத கண்ணாடி இன்னும் எனக்குப் பிடித்துதான் இருக்கிறது, அதை விட்டுத் தர மாட்டேன்.

வெண்ணிலா_டொராண்டோ

எனக்கும் ஒரு அனுபவம். டென்மார்க்கில் பெடர்சன் & ஹான்சன் என்ற கம்பெனி தேக்குச் சட்டத்தில் பின்னால் விளக்கு வைத்த கண்ணாடிகள் செய்தது. அதில் ஒன்று இங்கே வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்ற ஒரு விற்பனையில் கிடைத்தது. தேக்கின் மேல் வெளிச்சம் பட்டால் தேன் நிறம் வரும், அதற்காகவே வாங்கினேன். வீட்டில் மாட்டினால் கம்மென்று கிடக்கிறது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உள்ளே டியூப் லைட்டும் 220 வோல்ட் சோக்கும். பல்பு ஹோல்டராக இருந்திருந்தால் 120 வோல்ட் பல்பு மாற்றினால் போதும். சோக் என்றால் அப்படி முடியாது, அதையே கழற்ற வேண்டும்.

அமெரிக்காவில் செய்த பழைய விளக்குக் கண்ணாடி அலமாரிகளை இங்கிருந்து இந்தியாவுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1979-க்கு முந்தைய சோக்கில் பிசிபி என்ற விஷ எண்ணெய் இருக்கலாம். தார் மாதிரிப் பிசுபிசுப்பாகக் கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். ‘பிசிபி இல்லை’ என்று அச்சடித்திருந்தால் கவலை இல்லை. மதுரைக்கு 220 வோல்ட் சரக்கு எடுத்துப் போகிறவர் கொடுத்து வைத்தவர்.

பித்தளைப்பித்தன்

டியூப் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே குளியலறைக் கண்ணாடிகளின் இரண்டு பக்கமும் நீளக் குழாய் விளக்கு நிற்கும். பார்த்தால் டியூப் லைட். கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே நெடுக இழை ஓடும். ஆஸ்ராம் கம்பெனி அதை லினெஸ்ட்ரா என்ற பெயரில் விற்றது, பிலிப்ஸ் பிலினியா என்றது. குண்டு பல்பை இழுத்து நீட்டிய மாதிரித்தான். 30 செ.மீ. 35 வாட், அரை மீட்டர் 60, ஒரு மீட்டர் 120. ஒரு வகையில் இரண்டு முனையிலும் ஹோல்டரில் மாட்டும் தொப்பி, இன்னொன்றில் முதுகில் தொப்பி. வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். என் நண்பர் ஒருவர் டியூப் என்று நினைத்து அதற்குச் சோக்கும் ஸ்டார்ட்டரும் தேடி இரண்டு வாரம் அலைந்தார். ஐரோப்பாவில் 2009-இல் இருந்து இழை விளக்குகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். இப்போது அதே நீளத்தில், அதே தொப்பியில் எல்இடி வருகிறது.

மாடிப்படி

கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மகள் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, ஆளுயரத்துக்கு அலை அலையாக, ரோஸ் கலரில் எரிகிற கண்ணாடி ஒன்று வேண்டும் என்கிறாள். அதுவும் இந்தக் காலத்துச் சரக்கா?

சீமைக்கண்ணாடி

வெட்கம் எதற்கு? அது அல்ட்ராஃபிராகோலா. எத்தோரே சோட்ஸாஸ் 1970-இல் பொல்த்ரொனோவா என்ற இத்தாலியக் கம்பெனிக்காக வரைந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒலிவெட்டியின் சிவப்பு டைப்ரைட்டர் ‘வாலன்டைன்’ வந்ததே, அதையும் பெர்ரி கிங்கோடு சேர்ந்து வரைந்தவர் இவர்தான். கண்ணாடியின் உயரம் 195 செ.மீ., அகலம் ஒரு மீட்டர். சட்டம் பால் நிற அக்ரிலிக், சூடாக்கி அச்சில் இழுத்துச் செய்தது. பகலில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் வெறும் வெள்ளை. ரோஸ் நிறம் உள்ளே இருந்த நியானில் இருந்து வந்தது, இன்று எல்இடி. இத்தாலிய மொழியில் ஃபிராகோலா என்றால் ஸ்ட்ராபெர்ரி.

அரை நூற்றாண்டு காலம் மியூசியக்காரர்களும் சேகரிப்பவர்களும் மட்டும் பேசிக்கொண்டிருந்த பொருள். செல்பி வந்ததும் எல்லோர் வீட்டுக்கும் வேண்டியதாகிவிட்டது. போலி நிறைய. மகளிடம் போலி என்று சொல்லியே ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. பழைய ஒரிஜினல் என்று யாராவது கூப்பிட்டுச் சொன்னால் மட்டும் போனை வைத்துவிடுங்கள்.

அக்ரிலிக் என்றதும் முக்கியமான ஒன்றை எழுத மறந்துவிட்டேன். கருப்பட்டிக் காபி, அந்த வளையத்தை ஸ்பிரிட்டாலோ கண்ணாடி துடைக்கும் மருந்தாலோ துடைத்துவிடாதீர்கள். என்னுடைய ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் நல்லது செய்வதாக நினைத்து ஸ்பிரிட் போட்டுப் பளபளப்பாக்கித் தந்தார்கள். இரண்டு நாளில் வளையம் முழுக்கத் தலைமுடி மாதிரி விரிசல். வெளிச்சத்தில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பனியன் துணி. அவ்வளவுதான்.

வளையம் பழுப்பு என்று எழுதியிருந்தீர்கள். அக்ரிலிக் லேசில் பழுப்பேறாது. உள்ளுக்குள்ளேயே மஞ்சளாகியிருந்தால் பாலிஸ்டைரீனாக இருக்கலாம், கழுவினாலும் போகாது. மேலே படிந்த அழுக்காக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கருப்பட்டிக் காபி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வளையத்தைத் தொட்டியில் போட்டுக் கழுவினேன். தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தது, ஒரு மாதிரி வாடை. இரண்டாவது தண்ணீரில்தான் உறைத்தது: சிகரெட் புகை! நாற்பது ஐம்பது வருடப் புகை. மூன்றாவது தண்ணீரில் வளையம் பால் மாதிரி வெளுத்துவிட்டது. அக்ரிலிக்தான்.

வயரிங்கை நானே செய்யவில்லை. கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து செய்தார். அவருக்கு 30 வயதுதான். சிவப்பு எர்த்தை அவரும் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம், போட்டோ எடுத்துக்கொண்டார். மெகரில் தாராளமாகத் தேறியது. பழைய கேபிள் ஒரு சாண் உள்ளே கட்டியாயிற்று. கண்ணாடியின் கீழ் விளிம்புக் கறுப்பு அப்படியே இருக்கிறது. குளியலறையில் மாட்ட மனம் வரவில்லை, வாசல் நடையில் மாட்டினேன். சீமைக்கண்ணாடி சொன்ன நான்கு விசிறிகளும் சுவரில் விழுகின்றன. ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து கரண்டு பில்லைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோவை எடுத்துக்கொண்டு பாட்டியைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம், “பல்பு தப்பாகப் போட்டிருக்கிறாய்” என்றார். மேலே இரண்டும் எப்போதும் 25 வாட்தான் போடுவாராம், கீழே இரண்டும் 40. மேலே அதிகம் போட்டால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து பத்து வயது கூடிவிடுமாம். வீட்டுக்கு வந்து மேலே இரண்டையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

25 வாட்டுக்குச் சமமாக, 250 லூமன், சின்ன மரை, பால் நிறக் குண்டு. இங்கே கடையில் எல்லாம் தெளிவான குண்டாகத்தான் இருக்கிறது. யாரிடமாவது இரண்டு இருக்குமா?

பித்தளைப்பித்தன்

என்னிடம் ஆறு இருக்கு. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஹம் ஊர்க் கோயிலுக்கு வருகிறேன். அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது அந்த லேபிளைப் பின்னணி தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வாருங்கள், கிழிந்த ஓரத்தில் ஏதாவது எழுத்தின் கால் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்போம்.